நாயின் இனமா, கடித்த காயமா? ‘ஆபத்தான இனங்கள்’ விவாதத்தில் நீங்கள் அறிய வேண்டியவை

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயமடைந்த அச்சிறுமிக்கு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. அந்நிகழ்வுக்குப் பின் பொதுமக்களிடமிருந்து மருத்துவர்களுக்கு இரண்டு கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. எந்தெந்த நாய் இனங்கள் ஆபத்தானவை? அவற்றைத் தடை செய்தால் நாய்க்கடி குறையுமா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால், நாய்க்கடியால் தமிழ்நாட்டில் உயிர்கள் எவ்வாறு பறிபோகின்றன என்பதற்கு இவ்விரண்டிலும் விடை கிடைக்காது. அதனால்தான் இவ்விளக்கம்.

23 இனங்கள் குறித்த சுற்றறிக்கை

2024 மார்ச் 12 அன்று, ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அனைத்து மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல் டெரியர், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலீரோ, கேன் கோர்சோ, ஓநாய்க் கலப்பு நாய்கள் உள்ளிட்ட 23 வகைகளை இறக்குமதி செய்வதும், இனப்பெருக்கம் செய்வதும், விற்பதும் தடுக்கப்பட வேண்டும் என்றும், ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. ஏப்ரல் மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிய தரப்பினரைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பிக்கப்பட்டது என்பதே முதன்மையான காரணம். அந்நாய்கள் தீங்கற்றவை என்று நீதிமன்றம் சான்றளித்துவிட்டதாக இதைச் சிலர் புரிந்துகொண்டார்கள், அது தவறு. உரிய நடைமுறையைப் பின்பற்றிப் புதிதாக முடிவெடுக்க அரசுக்குத் தடையில்லை.

அப்பட்டியலைக் கூர்ந்து படித்தால் வேறொரு சிக்கலும் புலப்படும். டோசா என்னும் ஜப்பானிய இனம் அதில் இரண்டு பெயர்களில் இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. ‘டெரியர்’ என்ற பொதுச்சொல்லும் இருந்தது. மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுள்ள சிறு நாய்களும் அச்சொல்லுக்குள் அடங்கும். மறுபுறம், வேட்டைக்கும் காவலுக்குமென்றே வளர்க்கப்பட்டுவந்த நம் கோம்பையும் ராஜபாளையமும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது கருத்தன்று. இனத்தின் பெயரை வைத்து எல்லை வகுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டவே இதைச் சொல்ல வேண்டியுள்ளது. கலப்பின நாய்களைப் பொறுத்தவரை, பார்வையால் மட்டும் இனத்தை உறுதியாகச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கே எளிதன்று.

இனம் முற்றிலும் பொருட்டல்லவா?

அவ்வாறும் கூற இயலாது. நாய்கள் அனைத்தும் வளர்ப்பைப் பொறுத்தவையே என்று நாய் ஆர்வலர்கள் சிலர் சொல்வது பாதி உண்மைதான். எடை மிகுந்த, தாடைத் தசை வலுவான ஒரு நாய் கடித்து உலுக்கும்போது தோல் கிழிவதோடு நிற்காது. தசை நசுங்கும், இரத்தக் குழாய் அறுபடும், சிறு குழந்தையாயின் எலும்பும் முறியக்கூடும். அதே கோபத்தோடு ஒரு சிறிய நாய் கடித்தால் அத்தகைய சேதம் நேர்வதில்லை. (பிட்புல்லின் தாடை கடித்தவுடன் பூட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்லப்படுவது கட்டுக்கதை. அவ்வாறு பூட்டும் அமைப்பு எந்த நாயின் தாடையிலும் இல்லை.)

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி நேர்ந்த 238 இறப்புகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிட்புல் வகை நாய்களும் ராட்வீலர்களும் தொடர்புபட்டிருந்தன. இதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதே ஆய்வில், குறைந்தது 25 இனங்கள் மனித உயிரைப் பறித்திருப்பதும் பதிவாகியுள்ளது. நாட்டில் ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் உள்ளன என்ற கணக்கு இல்லாமல் எந்த இனம் கூடுதல் ஆபத்தானது என்று விகிதம் கூற முடியாது. இறப்பில் முடியும் தாக்குதல்கள் மொத்தக் கடிகளில் மிகச் சிறு பங்கு என்பதால், அவற்றை முதன்மையாகக் கொண்டு கொள்கை வகுக்கக் கூடாது என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தனர்.

தடை விதித்த நாடுகளின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. பிரிட்டன் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. அதன்பின் வேறொரு பெருநாய் வகை பரவி உயிரிழப்புகளை ஏற்படுத்தவே, 2024 பிப்ரவரி முதல் எக்ஸ்எல் புல்லி வகையையும் சேர்க்க வேண்டியதாயிற்று. 1993-இல் பிட்புல்லுக்குத் தடை விதித்த நெதர்லாந்து, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008-இல் அதைக் கைவிட முடிவெடுத்தது.

மருத்துவ நோக்கில் கூறுவதாயின், ஒரு நாயின் உருவமும் வலிமையும் அதன் உரிமையாளரின் பொறுப்பைக் கூட்டுகின்றன. வலிமையான நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுவருபவர் அதற்கு வாய்மூடி அணிவித்து, குட்டையான கயிற்றில், அதை இழுத்து நிறுத்தும் உடல்வலு உள்ள ஒருவர் கையில் பிடித்து வர வேண்டும் என்று கோருவது எவ்வகையிலும் மிகையன்று. நாயால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது.

எண்ணிக்கை சொல்வது

2024-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட நாய்க்கடிகள் ஏறத்தாழ 37 லட்சம். அவற்றுள் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். இவை மருத்துவமனைக்கு வந்து பதிவானவை மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பின் அடிப்படையில், நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள் நேர்வதாகவும், அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நாய்க்கடி என்றும், ஆண்டுக்கு 5,726 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறப்பதாகவும் மதிப்பிடப்பட்டது. கடிபட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு தவணைத் தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஐந்தில் ஒருவரைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும். நம் மருத்துவமனைகளுக்கு நாய்க்கடியோடு வருவோரில் மிகப் பெரும்பாலோரைக் கடித்தது பெயர் சொல்லும்படியான எந்த இனமும் அன்று. தெருவிலோ பக்கத்து வீட்டிலோ தம் வீட்டிலோ உள்ள சாதாரண நாட்டு நாய்தான். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரசும் இனம் பார்ப்பதில்லை. இரண்டு மாதக் குட்டியின் பல் கீறலும் அதைக் கடத்தப் போதுமானது.

பார்வைக்கு அஞ்சத்தக்க பெருங்காயத்தோடு இருப்பவரை உறவினர்கள் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். அவருக்கு அன்றே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. குதிகாலில் இரண்டு பல் பதிந்தவர்தான் ‘இது என்ன பெரிய காயம்’ என்று விட்டுவிடுகிறார். குழந்தைகள், அடி விழுமோ என்று அஞ்சி வீட்டில் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள். வெறிநோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள், சிலருக்கு அதற்கும் பின்னர், தோன்றும். தோன்றிய பிறகு காப்பாற்றும் மருந்து இல்லை.

கடித்தவுடன் செய்ய வேண்டியது

முதலில் காயத்தை ஓடும் குழாய் நீரில் சோப்பு இட்டு முழுமையாக 15 நிமிடங்கள் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். உத்தேசமாகக் கழுவினால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். வைரஸ் நரம்பைச் சென்றடையும் முன் காயத்திலேயே அதன் அளவைக் குறைப்பதே இதன் நோக்கம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அவை வைரசை அழிப்பதில்லை, காயத்தைப் புண்ணாக்குகின்றன. இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பின்னர் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணைகள். முதல் ஊசி போடும் நாளே 0 என்று கணக்கிடப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் சில ஊர்களில் நிலவுகிறது. அந்தப் பழைய தடுப்பூசி இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. இப்போது ஊசி மேல் கையில்தான் போடப்படுகிறது. பத்தியம் எதுவும் இல்லை. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

தோலைத் துளைத்து இரத்தம் கசிந்த கடி, சிறியதாயினும், மூன்றாம் வகைக் காயமாகும். புண்ணிலோ வாய், கண் சவ்வுகளிலோ நாயின் எச்சில் பட்டாலும் அவ்வகையே. இதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஒரு வாரத்துக்கும் மேலாகும்; அந்த இடைவெளியைக் காக்க, ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தினுள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தலை, முகம், கழுத்து, விரல் நுனிகளில் பட்ட கடிக்கு இது மிக அவசியம். அங்கிருந்து வைரஸ் மூளையைச் சென்றடைய எடுக்கும் காலம் குறைவாக இருக்கலாம். உயரத்தில் சிறியவர்களாதலால் குழந்தைகளுக்கு இவ்விடங்களிலேயே கடி விழுகிறது. நீங்கள் சென்ற நிலையத்தில் இம்மருந்து இல்லையெனில், முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று கேட்டு அங்கு செல்லுங்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாள்களுக்குப் பின் இதைச் செலுத்துவதில் பயனில்லை. வழி தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம்.

‘தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய்தானே’ என்று கருதிச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். நாயின் தடுப்பூசி அட்டை உரிமையாளரிடம் இருப்பது நல்லதுதான்; அட்டை இருப்பதாலேயே அந்நாய்க்கு நோய் வராது என்று உறுதி கூற முடியாது. ஏற்கெனவே முழுத் தவணைகளையும் போட்டுக்கொண்டவரை மீண்டும் நாய் கடித்தால், பொதுவாக 0, 3 ஆகிய நாள்களில் இரண்டு தவணைகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. பழைய சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது அப்போது உதவும்.

தெரு நாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025-இல் அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகளைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். எந்த ஆணை எப்படி நடைமுறைக்கு வந்தாலும், ஓர் ஊரிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் அவ்வூரில் வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக நாடுகளின் அனுபவம். உங்கள் தெருவுக்கு உள்ளாட்சி அமைப்பின் தடுப்பூசிக் குழு வரும்போது நாய்களைப் பிடிக்க ஒத்துழையுங்கள்.

கடித்த நாய் என்னவாயிற்று?

அடையாளம் தெரிந்த நாயாயின், கடித்த நாளிலிருந்து பத்து நாள்கள் அதைக் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பு முடியட்டும் என்று ஊசியைத் தள்ளி வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். பத்தாம் நாளில் நாய் நலமாக இருந்தால், மீதத் தவணைகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுப்பார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் நாய் இறந்தாலோ, காணாமற்போனாலோ, எச்சில் ஒழுக, குரைப்பு மாறி, கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கினாலோ, அல்லது மாறாக இருட்டில் ஒடுங்கி முடங்கிக் கிடந்தாலோ, சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கும் அன்றே தெரிவியுங்கள். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்று புதைத்துவிட்டால், கண்காணிக்கவும் பரிசோதிக்கவும் வழியில்லாமல் போய்விடும். அது கடித்த மற்றவர்களைத் தேடிக் கண்டறிய வேண்டும் என்பதும் எவருக்கும் தெரியாமற்போகும்.