மாடு ஏறிய லாரிக்கு யார் சாட்சி?

2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகளை ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்குக் கிளம்பியது 'அவாசி எக்ஸ்பிரஸ்' கப்பல். புறப்பட்ட இடத்தில் அப்போது குளிர்காலம். போய்ச் சேரும் இடத்தில் நம் கத்திரி வெயிலே தோற்கும் புழுக்கம். வெப்பம் தாங்காமல் சுமார் 2,400 ஆடுகள் செத்தன. எதுவும் ரகசியமாக நடக்கவில்லை. கப்பலில் வெப்பம் அளந்தார்கள், அன்றாடம் அறிக்கை எழுதினார்கள். இறப்பு 2 விழுக்காட்டைத் தாண்டியதால் அரசுக்கும் தகவல் போனது. ஊருக்குள் ஒரு சலனமும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, அதே கப்பலில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மாலுமி கைபேசியில் எடுத்த காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. சாணச் சேற்றில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும் ஆடுகளை நாடே பார்த்தது. கடல்வழிச் செம்மறி ஏற்றுமதியை 2028 மே 1 முதல் நிறுத்தும் சட்டம் 2024இல் நிறைவேறியதற்குப் பின்னால் அந்தக் கைபேசியும் இருக்கிறது.

அளந்து எழுதிய எண்ணை வெளியாள் பார்க்க வழியில்லாதவரை அது எண்ணாகவே கிடக்கும். ஐரோப்பாவின் அனுபவமும் இதுதான். அங்கே நெடுந்தூரம் கால்நடை ஏற்றும் லாரிகளுக்கு வெப்ப உணரி கட்டாயம். 2009 முதல் அத்தகைய எல்லா வண்டிகளுக்கும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் கட்டாயம். ஆனால் பதிவு லாரிக்காரரிடமே இருக்கும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். கேட்கிற அதிகாரிகள் மிகக் குறைவு என்று 2018இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் குறை சொன்னது.

இப்போது நம் சாலைக்கு வருவோம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் வாங்கிய மாடுகள் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கூடவே ஓர் ஆள் போக வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். விதி அழகாகத்தான் இருக்கிறது. போலீஸ் பிடித்த லாரியில் இருபது, முப்பது மாடுகள் என்று செய்தி வருவதும், விழுந்த மாட்டை எழுப்பக் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதாகப் படிப்பதும் நமக்குப் பழகிவிட்டது.

ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. முழு லாரி வாடகையை ஆறு தலைக்குப் பிரித்தால் வியாபாரிக்குக் கட்டாது. இருபது தலைக்குப் பிரித்தால் கட்டும். இந்தக் கணக்கைத் தொடாமல் லாரியில் கண்காணிப்புக் கேமராவோ உணரியோ மாட்டினால் செக்போஸ்ட்டில் மாமூல்தான் ஏறும். கால்நடைக்கென வடிவமைத்த வண்டிக்கு வரிச்சலுகையோ கடனோ கொடுத்துவிட்டுத்தான் அரசு கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

கண்காணிப்புக் கருவிக்குப் பெரிய செலவு என்பதும் முழு உண்மையல்ல. 12 இலக்க எண் பொறித்த காது வில்லை லட்சக்கணக்கான மாடுகளின் காதில் ஏற்கெனவே தொங்குகிறது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். லாரி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது பதிவாகிறது. பேருந்துக்கும் ஆபத்தான எரிவாயு ஏற்றும் வண்டிக்கும் இடங்காட்டி வேண்டும் என்ற விதி இருக்கிறது. உயிரை ஏற்றும் லாரிக்கென்று அப்படித் தனி விதி இல்லை.

ஆனால் ஐரோப்பா லாரிக்குள் வைத்திருக்கும் 30 டிகிரி வெப்ப எல்லையை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. ஏப்ரலில் கோவையில் லாரி கிளம்பும்போதே மணி அடிக்கும். நாலாவது நாள் ஓட்டுநர் வயரைப் பிடுங்கிவிடுவார். வெயில் தாங்கும் காங்கேயம் காளைக்கும் தாங்காத கலப்பினப் பசுவுக்கும் ஒரே அளவும் பொருந்தாது. நம் ஊரில் பார்க்க வேண்டியவை ஈரப்பதமும் வண்டி நின்ற நேரமும். ஓடும் லாரியில் காற்றாவது வரும். டீக்கடை வாசலிலோ செக்போஸ்ட் வரிசையிலோ வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே அடுப்புதான்.

அந்தப் பதிவு யார் கைக்குப் போக வேண்டும்? லாரிக்காரரிடம் மட்டும் இருந்தால் ஐரோப்பாவின் கதை. எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் அதைவிட ஆபத்து. 2017 ஏப்ரலில் ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில், சந்தையில் மாடு வாங்கி வந்த பெலு கானைப் பசுக் காவலர் என்று சொல்லிக்கொண்ட கும்பல் தாக்கியது, அவர் இறந்தார். அப்படிப்பட்டவர்கள் கையில் மாட்டு லாரியின் நேரலை இடத்தைக் கொடுப்பதும் கத்தியைக் கொடுப்பதும் ஒன்று. எனவே நேரலைத் தகவல் கால்நடை பராமரிப்புத் துறையோடு நிற்கட்டும். பயணம் முடிந்தபின் எத்தனை ஏறின, எத்தனை இறங்கின, எவ்வளவு நேரம் நின்றது என்ற விவரத்தை ஓட்டுநர், வியாபாரி பெயரில்லாமல் மாதாமாதம் வெளியிடட்டும்.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. லாரியில் ஒரு விலங்குக்கு எவ்வளவு இடம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 125இ சொல்கிறது: மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6. கோழிக்கு 40 சதுர சென்டிமீட்டர். உங்கள் பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் பரப்பு சுமார் 46 சதுர சென்டிமீட்டர். உலகின் மிகச் சிறந்த கேமராவைப் பொருத்தினாலும், கூண்டில் நசுங்கிக் கிடக்கும் கோழிகளைப் பார்த்து 'விதிப்படி சரி' என்றுதான் அது சொல்லும். போக்குவரத்து அமைச்சகம் முதலில் அந்த வரியைத் திருத்தட்டும். அதற்கு எந்த உணரியும் தேவையில்லை.