பம்பி இழுப்பதில்லை

கோடையிற் கிணற்றுநீர் கீழிறங்கியதும், "இயந்திரம் இழுக்கவில்லை" எனக் கூறிக் கூடிய பரிவலுவுடைய பிறிதொன்றை வாங்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. இது பெரும்பாலும் வீண் செலவென்பதே எமது கருத்து.

மையநீக்கப் பம்பி நீரை இழுப்பதில்லை. அது தன் வாயிலில் அமுக்கத்தைக் குறைக்கின்றது. கிணற்றுநீரின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டலமே நீரைக் குழாயினூடு மேலே தள்ளுகின்றது. உறிஞ்சு பம்பியால் நீர் பதினெட்டு முழத்துக்கு மேல் ஏறாமையைக் கலிலியோ 1638இல் எழுதினார். காரணத்தை 1644இல் தொரிசெல்லி விளக்கினார். கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கவல்ல நீர்நிரல் 34 அடியே. அதிலும் நீரின் ஆவியமுக்கம், குழாயின் உராய்வு, பம்பிக்கு வேண்டிய அமுக்கம் என்பவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 20 அடியே எஞ்சும். பரிவலுவைக் கூட்டினால் வளிமண்டலத்தின் பாரமும் கூடிவிடுமா? மாறாக, மிகுதியான நீர் பாய உராய்வே மிகும். எல்லை கடந்தால் நீர் 30 பாகை வெப்பத்திலும் கொதித்துக் குமிழியாகும். அக்குமிழிகள் சுழலியில் உடைந்து, சரளைக்கல் உருளும் ஓசையுடன் உலோகத்தை அரிக்கும்.

பம்பியை நீர்மட்டத்துக்கு அண்மையில் இறக்குக, உறிஞ்சுகுழாயை அகலமாக்குக, நீரைக் குறைக்க வேண்டின் வெளியேற்றுகுழாயின் வாயிலையே அடைக்க, உறிஞ்சுகுழாயினதையன்று.

நம் மாணவர் பாரமானியை அழகுற வரைந்து புள்ளி பெறுவர். தந்தையாரின் கிணற்றருகே அதனை நினையார். கல்லூரிக் கிணற்றுப் பம்பியின் உறிஞ்சுகுழாயில் வெற்றிடமானியொன்றைப் பூட்டி, நீர் தாழத் தாழ முள் நகர்வதைப் பௌதிக மாணவர் நாடோறும் குறித்து வரவேண்டும். அம்மானியை வாங்கியளித்தல் பழைய மாணவர்க்குப் பெருஞ்செலவன்று.