ஒரே சங்கம், இரண்டு கரைகள்

சோழமண்டலக் கரையில், ஒரு நாள் நடைத் தூரத்திற்குள் மூன்று ஐரோப்பிய தேசத்தாரின் கொடிகள் பறந்த காலம் ஒன்று உண்டு. கீழவாஞ்சூர், காரைக்கால் பகுதியின் தென்கோடி. அவ்வூராருக்குப் பிரெஞ்சுக்காரரே துரைமார். எல்லையைத் தாண்டித் தெற்கே கால் வைத்தால் நாகூர். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. காரைக்காலைக் கடந்து வடக்கே சென்றால் தரங்கம்பாடி. அங்கே 1620 முதல் டேனிஷ்காரர். துரைமார் எவராயிருந்தும் கீழவாஞ்சூர்க் குழந்தை தாயை அம்மா என்றே அழைத்தது. இதை நாம் வெகு இயல்பான காரியமாக எண்ணிவிடுகிறோம். எல்லா நாட்டுக்கும் அது இயல்பாக வாய்க்கவில்லை என்பதற்குத் தரங்கம்பாடியோடு உறவுடைய ஒரு சரித்திரம் சாட்சி சொல்கிறது.

1706-ம் வருஷம் ஸீகன்பால்கு என்னும் லுத்தரன் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இவ்வளவும் நேயர்கள் அறிந்ததே. நூறு வருஷத்திற்குப் பின் அந்தப் பணி நலிந்தது. அதை மீண்டும் ஏற்று நடத்த முன்வந்தது, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் 1836-ல் தோன்றிய லுத்தரன் மிஷன் சங்கம். அச்சங்கம் கோர்டஸ் என்பவரை 1840-ல் அனுப்ப, அவர் மறு வருஷம் தரங்கம்பாடியை அடைந்தார். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னரே அச்சங்கத்தின் தூதர் வேறொரு கரையில் இறங்கிவிட்டனர். அக்கரை ஆஸ்திரேலியா.

தைகெல்மான், ஷூர்மான் என்னும் இருவரும் 1838 அக்டோபரில் அடிலெய்ட் சேர்ந்தனர். அவர்களைச் சுமந்து சென்ற கப்பலின் பெயர் பெஸ்டன்ஜி போமன்ஜி. நம் நாட்டுப் பார்ஸிப் பெயர்! அங்கே கௌர்னா என்னும் ஆதிக்குடிகள் வாழ்ந்தனர். எழுத்தில் வராத அவர்களுடைய பாஷையை இருவரும் கேட்டுக் கேட்டுக் கற்றனர். ஆற்றங்கரையில் பில்டாவாட்லி என்னுமிடத்தில் 1839 டிசம்பரில் பள்ளி திறந்து, பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே போதித்தனர். 1840-ல் ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட அகராதியும் இலக்கணமும் அச்சேற்றினர். பிள்ளைகள் தம் சொந்த மொழியில் கடிதம் எழுதினார்கள்.

1845-ம் வருஷம் இரு கரைகளுக்கும் மறக்க முடியாதது. அவ்வருஷம் டென்மார்க் அரசர் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார். குடிமக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் அடிலெய்டில் அரசாங்கத்தார் பில்டாவாட்லிப் பள்ளியை மூடினர், குடியிருப்பை இடித்தனர், பிள்ளைகளை ஆங்கிலம் மட்டுமே பயிற்றிய வேறொரு பள்ளிக்குக் கொண்டு போயினர்.

இரண்டிடத்திலும் அதிகாரம் அந்நியருடையதே. ஆயினும் பின்விளைவு ஏன் வேறாயிற்று? தரங்கம்பாடியில் துரை மாறினான். உழவனும் செம்படவனும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய மொழிக்கு ஏடும் இலக்கணமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் நகருக்கு மாறிய அச்சங்கத்தின் தலைவர் கிரௌல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856-ல் வெளியிட்டார். போதிக்க வந்தவர்களே இங்கே மாணாக்கராயினர்.

அடிலெய்டிலோ மண்ணே போயிற்று. ஆதிக்குடிகள் வசித்து அனுபவிக்கும் நிலத்திற்கு அவர்களுடைய உரிமை குறையாதென்று 1836-ம் வருஷத்து அரச சாஸனம் கூறிற்று. அது காகிதத்திலேயே நின்றது. நிலத்தை அளந்தார்கள், விற்றார்கள். வந்தேறிகள் வேலி போட்டார்கள். நோயும் பசியும் மிகுந்தன, எஞ்சினோர் சிதறினர். கௌர்னா மொழியைச் சரளமாக அறிந்த கடைசி மனிதரென்று கருதப்படும் இவாரிட்ஜி என்னும் மூதாட்டி 1929-ல் காலமானார்.

பாதிரிமார் மதம் மாற்றவே சென்றவர்கள்; அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தில் அடிலெய்டில் அவர்கள் பெற்ற பலன் சொற்பம். ஆனால் அவர்கள் சேர்த்து வைத்த சொற்கள் வீண் போகவில்லை. 1990 முதல் கௌர்னா வம்சத்தார் அந்நூலைத் துணைக்கொண்டு பாட்டுக் கட்டினர், பாடம் நடத்தினர், 2002-ல் அறிஞரோடு சேர்ந்து மொழிக்கென்றே ஒரு குழு அமைத்தனர். 2018-ல் நீதிமன்றம் அடிலெய்ட் வட்டாரத்தில் சில நிலங்களின் மீது அவர்களுடைய பூர்விக உரிமையை ஒப்புக்கொண்டது. மொழி மீளத் தொடங்கி இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பின்னரே மண்ணில் சிறு பங்கு மீண்டது.

இது அயலார் கதையென்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. நீலகிரியில் தோடரும் கோத்தரும் பேசும் பாஷைகள் தமிழுக்கு உடன்பிறந்தவை. அவை அழிவின் விளிம்பில் நிற்பதாக யுனெஸ்கோ குறித்திருக்கிறது. அம்மலைகளில் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் புல்வெளிகள் இடங்கொடுத்த வரலாறும் நாம் அறிந்ததே. அந்நியர் ஆட்சியிலும் நம் மொழி பிழைத்ததென்று பெருமை கொள்ளும் நாம், நம் ஆட்சியில் அச்சிறு மொழிகள் பிழைக்கின்றனவா என்று பார்ப்பது கடமை. அம்மலைக் குழந்தைகளுக்கு முதல் இரண்டொரு வகுப்புகளாவது அவர்களுடைய மொழியில் பாடம் நடக்கட்டும். எஞ்சிய மேய்ச்சல் நிலம் அவர்களிடமே நிலைக்கட்டும். சுதந்திரம் பெற்ற தேசத்திற்கு இது எட்டாத காரியமன்று.