வி.எஃப்.எக்ஸ் சூப்பர்வைசர் ஆக்குறாங்களாம்!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப்போறேன். பொறுத்துக்கங்க.

"ஒரே வருஷத்தில் வி.எஃப்.எக்ஸ் சூப்பர்வைசர் ஆகலாம்"னு நோட்டீஸ் அடிச்சு ஊர் ஊரா ஆள் பிடிக்கிறாங்க. பேர் சொல்லப்போறதில்ல. எங்க நிலக்கோட்டைப் பக்கத்துலயே நகையை அடகு வெச்சு ஃபீஸ் கட்டின வீடு எனக்குத் தெரியும். பையன் இப்ப ரோட்டோ பண்றான்.

ரோட்டோன்னா, திரையில இருக்கிற ஆளைச் சுத்தி ஒவ்வொரு ஃப்ரேமா கோடு வரைஞ்சு தனியாப் பிரிக்கிறது. செகண்டுக்கு 24 ஃப்ரேம். 10 செகண்ட் ஷாட்டுக்கு 240. கேவலமான வேலைன்னு சொல்லல. ஏணியோட முதல் படி அது. பெயிண்ட், மேட்ச்மூவ், காம்போசிட்டிங், லீட்னு இன்னும் பல படி இருக்கு. அதை மறைச்சு மொட்டை மாடியை விக்கிறதுதான் மோசடி.

சரி, சூப்பர்வைசர் என்னதான் செய்வார்? கதையைப் படிச்சு எத்தனை ஷாட், எவ்வளவு செலவுன்னு கணக்குப் போடணும். ஷூட்டிங்ல லென்ஸ், கேமரா உயரம் எல்லாம் குறிக்கணும். பளபளப்பா ஒரு பந்து, சாம்பல் கலர்ல ஒரு பந்து வெச்சுப் படமெடுத்து, வெளிச்சம் எங்கேர்ந்து விழுதுன்னு பதியணும். எல்லாத்துக்கும் மேல, "இப்படி எடுத்தா ஒட்டாது சார்"னு டைரக்டர்கிட்ட சொல்ற தைரியம் வேணும். இதுல எது சாஃப்ட்வேர் மெனுவுல இருக்கு?

"வி. ஸ்ரீனிவாஸ் மோகன் ஜெயிக்கலையா?"ன்னு கேப்பீங்க. எந்திரன் (2010), 2.0 (2018), ஆர்.ஆர்.ஆர் (2022)... எந்திரனுக்கும் ஆர்.ஆர்.ஆருக்கும் தேசிய விருது. தாராளமா கைதட்டுவோம். ஆனா ஒரு படத்துல அந்த நாற்காலி ஒண்ணோ ரெண்டோதான். கீழ வேலை பாக்குறது நூத்துக்கணக்குல.

மேல போயிட்டா நிம்மதியா? அதுவும் இல்ல. நம்ம புதுச்சேரியில தொடங்குற கதை 'லைஃப் ஆஃப் பை'. அதுக்கு கிராஃபிக்ஸ் செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் 2013 பிப்ரவரியில திவால் மனு போட்டுச்சு. அதே மாசம் அந்தப் படத்துக்கு வி.எஃப்.எக்ஸ் ஆஸ்கர்! சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில கம்பெனி கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சதும் மைக்கை அணைச்சுட்டாங்க. 2025 பிப்ரவரியில டெக்னிகலர் சரிஞ்சப்ப பெங்களூர்லயும் ஆயிரக்கணக்கான பேர் நடுத்தெருவுல நின்னாங்க.

காரணம் ராக்கெட் சயின்ஸ் இல்ல. எங்க ஊர் பூ மார்க்கெட்ல மல்லி விலை ஏறும், இறங்கும். ஆனா எடை போட்ட கிலோவுக்குக் காசு உண்டு. இங்க ஒரு கிலோவுக்கு விலை பேசிட்டு, "இது வேணாம், வேற பறிச்சுட்டு வா"ன்னு பத்து தடவை திருப்பி அனுப்புவான். கடைசியில கைக்கு வர்றது அதே ஒரு கிலோ காசு. பெரும்பாலும் மொத்தமா ரேட் பேசித்தான் வேலை. திருத்தம் கூடக்கூட நஷ்டம் ஸ்டூடியோவுக்கு, ராத்திரித் தூக்கம் பையனுக்கு. படம் வந்ததும் "கிராஃபிக்ஸ் சொதப்பல்"னு நாமளும் அவனைத்தான் திட்டுறோம்!

ஆசை இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு: முதல்ல ஏதாவது ஒரு டிகிரியை முடிங்க. பிளெண்டர் இலவசம், வீட்லயே கத்துக்கங்க. படம் வரைங்க, கேமரா பிடிங்க, வெளிச்சத்தைக் கவனிங்க. அப்புறமும் கோர்ஸ்தான் வேணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் படிச்சவங்க இப்ப எங்க, என்ன சம்பளத்துல இருக்காங்க? நாலு பேர் நம்பர் குடுங்க."

குடுக்கலையா? நகை பீரோவுலயே இருக்கட்டும்.