தோள் தாங்கும் தோட்டாவே போதும்



அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கும் என் பழைய மாணவன் நேற்று வீடியோ காலில் பேசினான். அங்கே உரிமம் வாங்கி மான் வேட்டையாடலாம். அவனிடம் இருப்பது .45-70 லீவர் ரைபிள். 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா அது. மருந்து, குண்டு எல்லாம் வாங்கி வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறான்.

போன வருஷம் அவன் சுட்ட மான் காயத்தோடு ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

"இந்த வருஷம் மருந்தைக் கூட்டட்டுமா சார்?" என்றான்.

கூட்டாதே என்றேன். 405 கிரெயின் குண்டு என்றால் சுமார் 26 கிராம் ஈயம். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலே 100 கஜத்தில் நிற்கும் மானுக்குத் தாராளம். அதற்கு மேல் கூட்டினால் நியூட்டனின் மூன்றாம் விதி உன் தோளில் பாடம் நடத்தும். அடுத்த முறை சுடும் முன்பே உடம்பு பதறும், குறி தவறும். போன வருஷம் நடந்தது அதுதானே?

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாம் சார்" என்றான்.

கையேட்டில் இந்தத் தோட்டாவுக்கு மூன்று பட்டியல் உண்டு: பழைய டிராப்டோர், லீவர், வலுவான ஒற்றைத் தோட்டா ரைபிள். மூன்றாவதைத் தொடவே கூடாது. மானுக்கு முதல் பட்டியலே போதும். குண்டின் மூக்கும் தட்டையாக இருக்கட்டும். குழாய் மேகசினில் கூர்மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை இடித்து வெடிக்க வைக்கலாம்.

வேட்டை எனக்குப் பிடிக்காது. ஆனால் உயிரை எடுக்கத் துணிந்தவன் அதைத் துடிக்க விடக் கூடாது. இதுதான் என் கருத்து.