எவர்சில்வர் கிண்ணமே போதும்



'மூளை வளர்ச்சிப் பொம்மை' என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்பவற்றை வாங்க முடியாத பெற்றோர் வருந்தத் தேவையில்லை. 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு சாலி கிரந்தம்-மெக்ரிகோர் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், கழிவுப் பொருள்களில் செய்த பொம்மைகளோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகள்தான். அந்தப் பிள்ளைகள் 22 வயதில், அவ்வுதவி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தனர். பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். டம்ளரைத் துணியால் மூடி "எங்கே?" என்று கேட்க ஒருவர் எதிரே இருந்தால்தான் எட்டு மாதக் குழந்தைக்கு அது விளையாட்டு.

அவர்கள் வளர்ச்சி குன்றிய குழந்தைகள், நன்றாக வளரும் குழந்தைக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அதே அளவு பலன் கிடைக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நேரமில்லை என்பவர்கள் குளிப்பாட்டும்போது கிண்ணத்தில் நீர் மொண்டு ஊற்றிக் காட்டலாம். பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. கிலுகிலுப்பையாகத் தரும், பயறு அடைத்த புட்டியின் மூடி கழன்றால் பயறு மூச்சுக்குழலில் சிக்கும். ஆகவே கிலுகிலுப்பைக்குப் பதில் கிண்ணமும் மரக்கரண்டியும் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். இப்படிப் பேசி விளையாடி வளர்ப்பதற்கென, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான 'நவசேதனா' வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. அதைச் செயல்படுத்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நேரம் கிடைக்க, அவர்களின் பதிவேட்டு வேலையை முதலில் குறைக்க வேண்டும்.