காலி நாற்காலியின் கணக்கு

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பகுதியில் நடைபெறும் வார இறுதி செஸ் லீக்கின் ஏழாவது சுற்று. கல்லூரிப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றபின், லீக்கின் அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பை நண்பர்கள் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடச் செல்லாமல் நேராக ஆட்டத்துக்கு வந்திருந்தார் ஒரு செவிலியர். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. விதிப்படி கடிகாரத்தை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். எதிராளி வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. செவிலியருக்கு ஒரு புள்ளி என்று ஏட்டில் குறித்தேன். “புள்ளி இருக்கட்டும் சார், என்கூட ஆட வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார் அவர். யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் செஸ் விளையாட்டுக்கு இது நல்ல காலம். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், தமது 18-ஆவது வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். சாம்பியன்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால், எந்த விளையாட்டும் பட்டம் வெல்பவர்களால் மட்டும் வாழ்வதில்லை. வேலைக்குச் செல்பவர்களும், மாணவர்களும், ஓய்வு பெற்றவர்களும் ஊதியமின்றி, பரிசை எதிர்பாராமல் ஆடும் உள்ளூர் லீக்குகளே அதன் அடித்தளம். அந்த அடித்தளத்தை அரிக்கும் நோய் ஒன்று உண்டு: பெயரைப் பதிவு செய்துவிட்டு, குறித்த நாளில் ஆட வராமல் இருப்பது. செஸ் மட்டுமல்ல, குடியிருப்புகளின் பாட்மிண்டன் போட்டிகளையும் தெருமுனை கிரிக்கெட் லீக்குகளையும் நடத்துபவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

“வராதவர் தோற்கிறார், வந்தவர் வெல்கிறார், கணக்கு நேராகிவிட்டதே” என்று சிலர் கேட்கக்கூடும். நேராவதில்லை என்பதே என் வாதம்.

பத்து பேர் கொண்ட ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருடனும் ஆட வேண்டும். மொத்தம் 45 ஆட்டங்கள். வலுவான ஆட்டக்காரர் ஒருவர் ஐந்து சுற்றுகள் ஆடிவிட்டு நின்றுவிடுகிறார். முதல் ஐந்து எதிராளிகள் அவருடன் மோதித் தோற்றிருக்கலாம். எஞ்சிய நால்வருக்கோ ஒரு காயைக்கூட நகர்த்தாமல் முழுப் புள்ளி கிடைக்கிறது. பட்டியலில் அவர்கள் முந்திச் செல்ல, அவருடன் போராடியவர்கள் பின்தங்குகிறார்கள். ஆகவே, வராதவரால் பெரிதும் பாதிக்கப்படுபவர் எதிரே காத்திருந்தவர் அல்லர். அடுத்த மேசையில், தம் ஆட்டத்தில் மூழ்கியிருந்த மூன்றாவது மனிதர். தமக்கு இழப்பு நேர்ந்ததுகூட அவருக்குத் தெரியாது. ஒருவருடைய செயலின் செலவு, அதில் தொடர்பே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். பத்தில் இருவர் இப்படி நடந்துகொண்டால், அவர்கள் சம்பந்தப்பட்ட ஆட்டங்கள் மட்டும் 17. அதாவது, ஐந்தில் ஒரு பங்கினரின் அலட்சியம், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான ஆட்டங்களைத் தொடுகிறது.

இந்தச் சிக்கலைச் சமாளிக்கச் செஸ் உலகில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் போட்டியில், பாதி ஆட்டங்களை முடிக்கும் முன்பே ஒருவர் விலகினால், அவர் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படா. பாதிக்கு மேல் ஆடியிருந்தால், எஞ்சிய ஆட்டங்களின் புள்ளிகள் எதிராளிகளுக்குச் செல்லும். 1967-இல் துனீசியாவின் சூஸ் நகரில், உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில், பாபி ஃபிஷர் 10 ஆட்டங்களில் எட்டரைப் புள்ளிகளுடன் முன்னிலையில் இருந்தார். அட்டவணை தொடர்பாக அமைப்பாளர்களுடன் மோதி, போட்டியிலிருந்து விலகினார். பாதி ஆட்டங்கள் முடியாததால் அவருடைய புள்ளிகள் நீக்கப்பட்டன. அவரிடம் தோற்றவர்களின் தோல்வி மறைந்தது. அரும்பாடுபட்டு டிரா செய்தவர்களின் அரைப் புள்ளியும் மறைந்தது. எந்த விதியை வகுத்தாலும் காலி நாற்காலியின் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும். அந்த நாற்காலிக்கு உரியவர் மட்டும் அதை ஏற்பதில்லை.

பதிவு செய்தவர்கள் ஏன் வராமல் போகிறார்கள்? சீட்டு கட்டிப் பழகிய நம் மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சீட்டில் முதல் சில மாதங்களிலேயே ஏலம் எடுத்தவருக்கு, அதன்பிறகு தவணை கட்டுவதில் லாபம் ஏதுமில்லை. கடமை மட்டுமே மிஞ்சுகிறது. அதனால்தான், ஏலம் எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் பிணை தரவேண்டும் என்று 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் வலியுறுத்துகிறது. லீக்கிலும் இதே நிலைதான். ஆறாவது சுற்றுக்குப் பிறகு, பரிசுக்கான வாய்ப்பை இழந்தவருக்கு ஏழாவது ஞாயிறு வெறும் கடமை. சீட்டில் பிணை உண்டு. லீக்கில் இருப்பதோ வாய்ச்சொல் மட்டும்.

எனவே, பொருளியல் படித்தவனுக்கே உரிய அவசரத்துடன், வராதவர்களுக்கு நூறு ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று யோசனை சொன்னேன், குழு ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து, வராமல் போன ஒருவரிடம் காரணம் கேட்டேன். “அதான் ஃபைன் கட்டிட்டேனே சார், அப்புறம் என்ன?” என்றார். அவர் முகத்தில் துளியும் குற்ற உணர்வு இல்லை. அதுவரை வராமல் இருப்பது தவறாக இருந்தது; நான் அதற்கு ஒரு விலையை நிர்ணயித்து, விற்பனைப் பொருளாக்கிவிட்டேன்.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்து குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. குழந்தைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை; ஏறத்தாழ இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. வகுப்பறையில் பல ஆண்டுகள் இந்த ஆய்வை விளக்கிய நானே, என் தெருவில் அதே தவற்றைச் செய்தேன்.

இரண்டாவது பாடத்தை இன்னொருவர் கற்பித்தார். உணவு விநியோக வேலை செய்யும் இளைஞர் அவர், நல்ல ஆட்டக்காரர். தொடர்ந்து இரு சுற்றுகளுக்கு வராததால், ‘பொறுப்பற்றவர்’ என்று மனத்துக்குள் முத்திரை குத்தியிருந்தேன். ஒருநாள் தேநீர்க் கடையில் சந்தித்தபோது, தயங்கியபடி காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவருக்கு வருமானம் அதிகம். வீட்டில் பணத் தேவை இருந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றேன். “சொன்னாலும் தோல்விதானே சார் போடுவீங்க. பேரையும் எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் விதியில், முன்கூட்டியே உண்மையைச் சொல்பவருக்கும், எதுவும் சொல்லாமல் எதிராளியைக் காக்கவைப்பவருக்கும் ஒரே தண்டனைதான் இருந்தது. வாய்மைக்கும் மௌனத்துக்கும் ஒரே விலை என்றால், பலர் மௌனத்தையே தேர்ந்தெடுப்பார்கள்.

வர இயலாதவர் வேறு. வர விரும்பாதவர் வேறு. இருவரையும் வேறுபடுத்திக் காட்டும் விதியே நல்ல விதி. சுவிஸ் முறைப் போட்டிகளுக்கான ஃபிடே விதி இதைச் செய்கிறது: நடுவரிடம் தெரிவிக்காமல் வராதவர், அடுத்த சுற்றின் இணைகள் வெளியாகும் முன் ஏற்கத்தக்க விளக்கம் தராவிட்டால், போட்டியிலிருந்து விலகியவராகவே கருதப்படுவார். விளக்கம் சொல்ல வழி திறந்திருக்கிறது. சொல்லாமல் இருக்கும் வசதி மட்டும் மறுக்கப்படுகிறது.

2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பாசனக் குழுக்களை ஆராய்ந்தவர். நெடுங்காலம் நிலைத்த குழுக்களில் அவர் கண்ட பொது அம்சங்களில் ஒன்று, படிப்படியாக உயரும் தண்டனை. முதல் தவறுக்குச் சிறு தண்டனை. தவறு தொடர்ந்தால் கடுமை கூடும். விதியை வகுப்பவர்களும் கண்காணிப்பவர்களும் அதே குழுவினர். ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்த குடிமராமத்து மரபை அறிந்த நமக்கு இது அந்நியமான கருத்தன்று.

இந்த ஆண்டு எங்கள் லீக்கில் அபராதத்தைக் கைவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிவிப்பவரின் ஆட்டம், இரு தரப்புக்கும் ஏற்ற வேறொரு நாளுக்கு மாற்றப்படும். தெரிவிக்காமல் வராதவருக்கு முதன்முறை தோல்வியும் எச்சரிக்கையும். இரண்டாம் முறை நீக்கம். நீக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு மீண்டும் சேரலாம். ஆனால், தாம் காக்கவைத்தவர்களிடம் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும். பிரிவுகளையும் ஆறு பேராகச் சுருக்கியிருக்கிறோம். ஐந்து ஞாயிறுகளுக்கு வாக்களிப்பது ஒன்பதுக்கு வாக்களிப்பதைவிட எளிது.

இவ்வளவு யோசிக்க இது என்ன நாடாளுமன்றமா, விளையாட்டுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். குடியிருப்போர் சங்கம், நூலகக் குழு, இரத்த தான முகாம் என்று நம் பொது வாழ்வின் பெரும்பகுதி, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத வாக்குறுதிகளின் மீதே நிற்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பதும், காக்க முடியாதபோது முன்கூட்டியே சொல்வதும் அங்கெல்லாம் தேவைப்படும் பழக்கங்கள். அவற்றை மிகக் குறைந்த செலவில் கற்றுக்கொள்ளும் இடம் விளையாட்டு. இங்கேயே கற்கத் தவறினால் வேறு எங்கே கற்போம்?

காலி நாற்காலிகள் முற்றிலும் மறைந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால், வெள்ளிக்கிழமை மாலைகளில் என் தொலைபேசி இப்போது ஒலிக்கிறது. சென்ற மாதம் அந்தச் செவிலியரே அழைத்தார்: “சார், இந்த ஞாயிறு எனக்குப் பகல் டியூட்டி போட்டுட்டாங்க.” ஆட்டத்தைப் புதன்கிழமை மாலைக்கு மாற்றினோம். இருவரும் வந்தார்கள், மூன்று மணி நேரம் ஆடினார்கள். செவிலியர் தோற்றார். போகும்போது, அடுத்த சுற்று யாருடன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.